எழுப்பாதது

பெட்டி சொல்வதை நம்பாதே என்றான் வ்லஸ்திமில்.
உள்ளே பஞ்சு அடைக்காமல் அளந்த வேகம் அது.
இருநூறு லிட்டர் தொட்டிக்கு
நானூறுக்கானதை எடு.

நான் கேட்டது ஒன்றுதான்.
பழையது கடகடக்கும்போதெல்லாம்
கீழ்வீட்டு ஹோர்ஷெய்ஷ் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை, இடிப்பார்.
அவரை எழுப்பாதது வேண்டும்.

ஓஸ்த்ராவாவில் அன்று மைனஸ் பதினொன்று.
டிராமில் மடிமேல் கேனிஸ்டர் ஃபில்டர்,
ஊருக்கு வந்த விருந்தாளி போல.
சொரசொரப் பஞ்சு கீழே, பீங்கான் வளையங்கள் நடுவே,
மெத்தென்றது மேலே.
கைப்பிடியை அழுத்த அழுத்த
நான்கு ஏப்பம் விட்டது.
அப்புறம் மூச்சே இல்லை.

அன்றிரவு மூன்று முறை எழுந்தேன்,
ஓடுகிறதா என்று பார்க்க.
டார்ச் வெளிச்சத்தில்
நீர்ப்புல் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.
ஓடுகிறது.

மாதக் கடைசியில் பஞ்சை அலசினேன்,
தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே,
பாதி அழுக்கை விட்டுவைத்து.
மீனைக் காப்பது அதில்தான் குடியிருக்கிறது.

அழைப்பு மணி.
ஈரக் கையோடு திறந்தேன்.
ஹோர்ஷெய்ஷ், வீட்டுச் செருப்போடு,
படியேறிய மூச்சு வாங்க:

"மீனெல்லாம் செத்துப்போச்சா?
ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை."