பால் ஐந்து வகைப்படும்

என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிய அன்று
என் மகன் எழுந்து நின்று சொன்னானாம்:
"எனக்கு அஞ்சுமே ஆகாது டீச்சர்."
வகுப்பே சிரித்திருக்கிறது.
ஆண்பாலும் ஆவின்பாலும்
அவனுக்கு ஒரே பயம்.

பாம்பனில் மருந்துக் கடையில் வேலை எனக்கு.
எறும்பெழுத்து படித்துப் பழகிய கண்.
ஆனாலும் நேற்று ராமநாதபுரத்தில்
சூப்பர் மார்க்கெட் ஐஸ் பெட்டிக்கு முன்னால்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
"என்னக்கா தேடுறீங்க?"
சீஸ், என்றேன். பால் இல்லாத சீஸ்.
தண்ணி இல்லாத கடலைக் கேட்டதுபோல
பார்த்தான் கடைப்பையன்.

ஒன்றில் லாக்டோஸ் கிடையாதாம்.
எடுத்தது சர்க்கரையைத்தான்;
என் பிள்ளையின் தொண்டையை அடைக்கிற புரதம்
உள்ளே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.
ஆட்டுப்பால் சீஸ்,
மாட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வேண்டாம்.
சோயா படம் போட்ட பச்சைப் பொட்டலம்
கைக்கு வந்ததும் மனசு லேசானது.
திருப்பினேன்.
ஏழாவது வரியில், ஒரு கமாவுக்குப் பின்னால்,
கதவு மறைவில் நிற்கும் கடன்காரன் மாதிரி
கேசினேட்.

கடைசியில் அகப்பட்டது
தேங்காயெண்ணெயும் மரவள்ளி மாவும் சேர்ந்த
ஒரு வெள்ளைக் கட்டி.
நானூற்று எண்பது ரூபாய்.
ரெண்டு கிலோ நகரை வாங்கலாம்.
ஜெபமாலை உருட்டுவதுபோல
முன்னும் பின்னும் உருட்டி வாசித்தேன்.

போன வருஷம் கொடியேற்றத்தன்று
எங்கள் அண்ணிதான் சொன்னாள்,
"ஒரு சொட்டு மோர் என்ன செஞ்சிரும்?"
செய்ததைப் பாலம் பார்த்தது, இந்த முனை முதல் அந்த முனை வரை.
பைக்கில் எங்கள் நடுவில் அவன்,
உதடு நாவற்பழமாகி.
ஊருக்கே அடிக்கிற காற்று
அவன் ஒருவனுக்குப் பற்றவில்லை.
ஊசி போட்டுத் திரும்பும்போது கேட்டான்:
"பாலத்துலயும் பால் இருக்காம்மா?"

இன்று பெனிஷுக்குப் பிறந்தநாள்,
தங்கச்சிமடத்துப் புது பிஸ்ஸா கடையில்.
ஐந்து மணிக்கே போய்விட்டேன்.
வீட்டில் பிசைந்த மாவு, புதுக் கத்தி, புதுத் தட்டு,
அடுப்பில் முதலில் ஜெர்வினுடையது, பிறகுதான் மற்றது.
சாயல்குடிக்கார மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை.
முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி வந்து
ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.
நன்றி சொல்ல வரவில்லை எனக்கு.
தக்காளி எங்கே வாங்குறீங்க என்று கேட்டேன்.

சரியாக உருகவில்லை.
மெழுகுபோல வேர்த்து ஓரத்தில் மட்டும் மினுங்கியது.
மற்ற பிள்ளைகள் கடித்து இழுத்தால்
நூல் நூலாக நீள்கிறது;
இவனுடையது பட்டென்று முடிந்துவிடுகிறது.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு இல்லாத நூலை வாயிலிருந்து
இழுத்தான் இழுத்தான் மேசையைத் தாண்டி.
பெனிஷ் எழுந்து
அந்த முனையைப் பிடித்துக்கொண்டான்.
"டேய், அறுத்துறாத."

பாயசத்தைத் தொடாமல் கை கழுவினான்.
பத்து மணி வரை உதட்டைப் பார்த்தேன்,
தூங்கியபின் மூச்சைப் பார்த்தேன்.

மிச்சக் கட்டி இப்போது
மருந்துக் கடை ஃபிரிட்ஜில், இன்சுலினுக்குப் பக்கத்தில்.
இன்ஸ்பெக்டர் வந்தால் திட்டுவார்.
மேலே ஒட்டியிருக்கிறேன்:
ஜெர்வின், நான்காம் வகுப்பு.
யாரும் தொட வேண்டாம்.