போக்கு: இறங்கியது

கீழமாரட் வீதி வெங்காய மண்டிக்கு
விலைப்பக்கம் ஒன்று உண்டு.
எனக்கு முன்னால் எழுதியவன்
கூட்டலுக்குள் கட்டம் போட்டு
கட்டத்துக்குள் கழித்தலை வைத்துப் போயிருந்தான்.
எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கப் போய்
பல்லாரி கிலோ நாலாயிரம் ஆனது ஒருநாள்.
மண்டிக்காரர் போனில் சிரிக்கவில்லை.

மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன்.
கணக்கு என்னிடம்.
டெம்ப்ளேட் நிலோஃபரிடம்.
அவள் வில்லாபுரம், நான் ஆனையூர்,
நேரில் பார்த்ததில்லை.
எங்களுக்குள் பேச்சென்றால்
நெளிந்த இரட்டை அடைப்புக்குறிக்குள்
மூன்றே சொல்:
சரக்கு, விலை, போக்கு.

எழுத்துருவை மாற்றினாள், ஓரத்தில் இடம் விட்டாள்,
என் வரி ஒன்றும் அசையவில்லை.
கூலி, கமிஷன், கழிவு எல்லாம்
திருப்பி எழுதினேன்,
அவளுக்குத் தெரியவே தெரியாது.
ஒரு தடவை விலையை
வெலை என்று அனுப்பிவிட்டேன்.
அந்த இடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது,
அவள் போட்ட கோடு கலையாமல்.

அப்புறம் மண்டிக்காரர் கேட்டார்:
"வெல எறங்குனா செவப்புல காட்டணும் தம்பி."

சிவப்பு யாருடைய வேலை?
டீ ஆடை கட்டும்வரை யோசித்தேன்.
நேற்றைவிடக் குறைவு என்று சொல்லலாம்,
அதோடு என் பாடு முடிந்தது.
அது நஷ்டமா நல்ல சேதியா
கழித்தலுக்கு எப்படித் தெரியும்?

போக்கு: இறங்கியது.
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

விடியக்காலை
சின்ன வெங்காயம் பதினெட்டு ரூபாய்.
பக்கத்தைத் திறந்தால்
பச்சை.

ஏன் என்று கேட்டேன்.
மதியம் போல ஒரு வரி வந்தது:
"எங்க வீட்ல மெஸ் நடத்துறோம்."