மூன்றாம் முறை உடைந்த கட்டு

மருதங்கண்டல் குளம் மூன்றாம் முறையும் உடைந்த கார்த்திகையில்
எங்கள் வீட்டில் கற்கண்டு இருந்தது.

எனக்கு எட்டு வயது.
எதற்கென்று கேட்கவில்லை, தின்றேன்.
கொண்டுவந்தவர் கங்காணி வைரமுத்தர்.
என் உச்சியில் சுழி தேடினார்,
வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பார்த்தார்,
மாட்டுக்குப் பார்ப்பதுபோல.
"மூத்தது இதுதானே?"
அப்பு தலையாட்டினார்.
அம்மா அடுப்பை ஊதினாள்,
எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

துரை கல் அனுப்பினான், சுண்ணாம்பு அனுப்பினான்.
துருசு வாய்தான் நிற்க மறுத்தது.
ஐயனார் கேட்கிறார் என்று
முதலில் சொன்ன வாய் எதுவென்று தெரியாது.
ஊரில் எல்லாரும்
இன்னொருவர் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள்.

பாயில் கண்மூடிக் கிடந்தேன்.
"நோகாது. அபின் குடுப்பம்.
துருசுக்குள்ள இருத்திப்போட்டு
கல்லை அடுக்கினாச் சரி."
பிறகு வெள்ளி ரூபா எண்ணும் சத்தம்.
பதினொன்றில் அப்பு பிழைவிட்டார்.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அவர் எண்ணி முடிக்குமுன் நான் காட்டுக்குள்.
சூரைமுள் தலைமயிரைப் பிடித்தது,
மயிரைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.
பாலை மரத்தின் பொந்துக்குள்
முழங்கால் நாடியில் முட்ட ஒடுங்கியிருந்தேன்.
பத்து முழத்தில் ஒரு கரடி
புற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தம் எனக்கு விளங்கியது: பசி.

அதற்குப் பிறகு லாந்தர் வந்தது.
"நாகு... என்ர குஞ்சு... வாம்மா,
கற்கண்டு வைச்சிருக்கிறன்."
அப்புவின் குரல்.
பிறந்த நாளிலிருந்து
அவர் என்னைக் குஞ்சு என்றதில்லை.
கரடி தலைதூக்கிக் கேட்டது,
உறுமக்கூட இல்லை,
திரும்பிப் போய்விட்டது.

கட்டில் மஞ்சள் தண்ணீர் வார்த்தார்கள்.
புதுச்சீலை விறைப்பாக இருந்தது, கஞ்சி மணத்தது.
நாக்கில் கசப்பு, மேலே இனிப்பு.
துருசு வாய்க்குள் யாரோ
எனக்கென்று ஒரு பலகை போட்டிருந்தார்கள்.
நான் இருக்கச் சுகமாயிருக்கட்டும் என்று.

மண்வெட்டியோடு அம்மா வந்தாள்.
"இது என்ர தலைப்பிள்ளை இல்லை."
உடுக்கு நின்றது.
"கலியாணத்துக்கு முன்னம் ஒண்டு பெத்தனான்.
உலுவிந்தைக்குக் கீழ தாட்டனான்.
இளையதைக் குடுத்தா ஐயன் கொதிப்பார்."
உடையார் கொட்டைப்பாக்கை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.
"தோண்டிக் காட்டு."

தோண்டினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.
ஒரு கலயம்.
உள்ளே விரலளவு எலும்புகள்,
சிரட்டைக்குள் அடங்கும் ஒரு மண்டை.

கங்காணி லாந்தரைத் தணித்தார்.
அப்பு அம்மாவின் முகத்தில் துப்பினார்.
பிறகு காசைத் திருப்பி எண்ணிக் கொடுத்தார்,
இந்த முறை பிழைவிடாமல்.

விடியுமுன் நாங்கள் இருவரும் தெற்கே நடந்தோம்.
கால்கள் எனக்குச் சொந்தமில்லாமல் இருந்தன, அபின்.
ஓமந்தை தாண்டிக் கேட்டேன்.
"மந்திக்குட்டி. முந்தாநாள் தாட்டனான்" என்றாள்.
நம்பினேன்.
முந்தாநாள் தாட்டதில் சதை இருந்திருக்குமே என்று
நானும் ஒரு பிள்ளை பெற்ற பிறகுதான் தோன்றியது.
அதற்குள் அவள் காய்ச்சலில் கிடந்தாள்.
மூன்று இரவு 'பவளம், பவளம்' என்று
என் கையைப் பிடித்து அழைத்தாள்.
என்னிடம் அந்தப் பெயர் இல்லை.
ஆனாலும் ஓம் என்றேன்.

இன்னொன்று இருக்கிறது.
நாங்கள் போன அந்த மாரியிலேயே
ஆனையிறவு உப்பு ஏற்றிவந்த வண்டிக்காரன்
மருதங்கண்டல் கட்டு நின்றுவிட்டது என்றான்,
துருசில் ஒரு சொட்டுக் கசிவில்லை என்றான்.
அம்மா உப்பை அளந்து வாங்கினாள்.
நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாருடைய மூத்தது என்று
நாங்கள் இருவரும் கேட்கவில்லை.