காற்று யார் பக்கம்

மூவாயிரத்து இருநூற்று எண்பத்து நாலு கிலோமீற்றர்.
பேர்த்துக்கும் சிட்னிக்கும் இடையில்
ஓடுபாதைக்கு ஓடுபாதை அளந்த கணக்கு.
தோர்ன்லியில் என் வாசலிலிருந்து பதினாறு,
பெண்டில் ஹில்லில் அவள் வாசல்வரை முப்பத்தைந்து
இதில் சேராது.
சட்டத்தரணியின் கடிதத்திலும் சேரவில்லை.
விமானக் கட்டணம் பாதிப் பாதி என்று எழுதியவர்
மிச்ச வழி யார் கணக்கென்று எழுதவில்லை.

மிதுஷனுக்கு ஒன்பது வயது.
தனியாகப் பறக்கும் பிள்ளை என்று
கழுத்தில் ஒரு செம்மஞ்சள் பட்டி.
படிவத்தில் அனுப்புபவர்: நான்.
பெறுபவர்: அவள்.
இப்போதெல்லாம் எங்கள் இரண்டு கையெழுத்தும்
ஒரே தாளில் விழுவது
இங்கே மட்டும்தான்.

போன ஜனவரியில் கொப்பியில் எழுதிக் காட்டினான்.
வந்தது: ஆறு ஐந்துக்கு ஏறி எட்டு ஐந்துக்கு இறக்கம்.
போவது: பதினொன்று பத்துக்கு ஏறி ஆறேகாலுக்கு இறக்கம்.
"உங்களிட்ட வர ரெண்டு மணித்தியாலம்,
அம்மாட்டப் போக ஏழு.
அப்ப நீங்கள்தான் கிட்ட."

கோடையில் சிட்னி மணிக்கூடு
எங்களுக்கு மூன்று மணித்தியாலம் முந்தி ஓடும் என்பதை
நான் சொல்லவில்லை.
ஒரு வருஷம் முழுக்க
நான்தான் கிட்ட.

இந்த முறை அவனே கண்டுபிடித்துவிட்டான்.
விமான நிலையத்துச் சாப்பாட்டு மேசையில்
சிப்ஸ் எண்ணெய் பட்ட விரலால்
கழித்தான், கூட்டினான், திரும்பக் கழித்தான்.
வர ஐந்து. போக நாலும் கொஞ்சமும்.
"ஒரே தூரம்தானே?"

காற்று, என்றேன்.
முப்பத்தையாயிரம் அடி உயரத்தில்
மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற காற்று.
போகிறதைத் தள்ளிவிடும்,
வருகிறதை மறிக்கும்.

சோஸ் பையைப் பல்லால் கிழித்தபடி கேட்டான்:
"காத்து ஏன் அப்பா அம்மான்ர பக்கம்?"

அது ஒருவருடைய பக்கமும் இல்லையென்று
சொல்லியிருக்க வேண்டும்.
இன்னொரு சோஸ் வேணுமோ என்று கேட்டேன்.

கதவடியில் பணிப்பெண் பெயர் வாசித்தாள்:
மிட்டூஷான்?
அவன் திருத்தவில்லை.
ஒருமுறை திரும்பினான்,
பை வாரைச் சரிசெய்வதுபோல.

வாகனத் தரிப்பிடத்தில் மணிக்கு மணி காசு ஏறுகிறது.
நான் காரை எடுக்கவில்லை.
கைபேசித் திரையில் நகம் அளவு மஞ்சள் விமானம்
தெற்குக் குடாக்கடலின் விளிம்பில் ஊர்கிறது.
வேகம்: மணிக்கு ஆயிரத்துப் பத்து.
இறங்கும் நேரம்
ஐந்து நிமிடம் முந்தியது, பிறகு பதினொன்று,
பிறகு பதினெட்டு.

பதினெட்டு நிமிடம்
செம்மஞ்சள் பட்டியோடு
யாரோ ஒரு பணியாளர் பக்கத்தில்
அவன் நிற்பதை யோசித்தேன்.
இந்தக் காற்றுக்கு அவசரம் மட்டும்தான் தெரியும்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக
அவளுக்கு எழுதினேன்:
இண்டைக்குக் காத்து நல்லா இருக்கு. கெதியா வெளிக்கிடு.

உடனே பதில் வந்தது.
தெரியும்.
நானும் அந்த விமானத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.

வெளியேறும் தடுப்பில் இயந்திரம் கேட்டது
முப்பத்தொரு டொலர்.
கட்டிவிட்டு வந்தேன்.
இதில் பாதி கேட்க
எந்தப் பத்தியிலும் இடமில்லை.