பின்தொடர இயலாதவர்

கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம்.
இருபது நிமிடம் தொடாதே.
பிறகு சாய்த்துப் பார்.
உறைந்திருந்தால் நல்லது.
தண்ணீராய் ஓடினால்
கடித்தது கண்ணாடி விரியன்தான்.
செத்த பாம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை,
வருகிறார்கள் என்றாலும்.

பெகு ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
பதினான்கு வருடமாக
சாய்ப்பதுதான் என் உத்தியோகம்.
சட்டையில் குத்திய பெயர் டோ சண்டா.
வீட்டில் வேம்பு.

கார்த்திகையில் நெல் அறுக்கும் கைகள் வரும்.
இன்று வந்தவளுக்கு இருபத்திரண்டு வயது,
குதிகாலில் இரண்டு புள்ளி.
எட்டுக் குப்பி மருந்து ஏறியாயிற்று.
ஆறு மணி நேரம் கழித்துச் சாய்த்தேன்,
ஓடியது.
அலமாரியில் மிச்சம் ஆறு குப்பி, சீசனோ பாதிகூடத் தாண்டவில்லை.
"மறுபடி போட்டால் சிறுநீரகம் தப்புமா,
எவராவது எழுதியிருக்கிறார்களா பார்" என்றார் டாக்டர் நான் ம்யா.

எழுதியிருக்கிறார்கள்.
தலைப்பிலேயே எங்கள் ஊர்ப்பெயர்.
'அறுபத்துநான்கு நோயாளிகள்' என்கிறது சுருக்கம்,
'முடிவுகள் கவனத்துக்குரியவை' என்கிறது.
அத்தோடு பூட்டு.
திறக்க முப்பத்தொன்பது டாலர்,
இருபத்துநான்கு மணி நேரத்துக்கு.
அதில் எங்களுக்கு மின்சாரம் எட்டு மணி.
என் சம்பளத்தில் பாதியைத் தாண்டும் அது,
கொடுக்கலாமென்றாலும் கேட்பது கார்டு எண்.
அப்படியொரு கார்டை எங்கள் தெருவில்
கண்ணால் பார்த்தவர் இல்லை.

அந்த அறுபத்துநான்கு பேரின் ரத்தத்தையும்
ஐஸ் பெட்டியில் வைத்து, ரங்கூன் ரயிலில்,
பால்குடம் எடுத்தவள்போல் சிந்தாமல்
மடியில் சுமந்துபோனது யார் என்று நினைக்கிறீர்கள்?

டாக்டர் காத்திருக்கவில்லை. நான்கு குப்பி போட்டார்.
நான் ச்சியாங்மாயில் படிக்கும் நோ எய்க்குச் செய்தி அனுப்பினேன்.
இங்கே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது
என் டப்பாவிலிருந்து புளிச்சோறு திருடித் தின்றவள்.
இரவு பதினொன்றரைக்கு வந்தது, பதினொரு பக்கம்.
லேப்டாப்பில் ஒன்பது சதவீத உயிர்.
ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்தேன்,
ஏழாவது பக்கத்தில் என் கட்டைவிரலும் விழுந்தது.

மூன்றாம் அட்டவணைக்குத்தான் நேரே போனேன்.
'மறுமுறை மருந்தின் பயன் தெளிவாகவில்லை.
பலரைப் பின்தொடர இயலாமற்போனதால்
எண்ணிக்கை போதவில்லை.'

பலர் யார் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.
அதில் பதினேழாம் எண்.

பதினேழாம் எண் ஊ போ த்தோ.
பஸ் நிலையத்தில் வெற்றிலை மடிக்கிறார்.
வியாழன்தோறும் அவரிடம்தான் வாங்குகிறேன்,
சுண்ணாம்பு அதிகம் வைப்பார், சொன்னாலும் கேட்கமாட்டார்.
இரண்டு முறை மருந்து ஏறிய உடம்பு.
ஒன்பது வருடமாக ஒழுங்காக மூத்திரம் போகிறது,
கேட்காமலே சொல்வார்.

விடியற்காலம் நாலு மணிக்கு
அறுவடைக்காரியின் பையில்
கால்வாசி மஞ்சள். அளந்தோம்.

பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
பதிலில் நன்றி இருந்தது,
கடிதத்தைப் பிரசுரிக்கும் கட்டணமும் இருந்தது.

ஆகவே பரிசோதனைச் சீட்டுகளின் முதுகில் அச்செடுத்து
பதினொன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
'17 உயிரோடு. இரண்டு தவணை. சிறுநீரகம் நலம்.
பஸ் நிலையம், இரண்டாவது வெற்றிலைக் கடை.'
பிரதி தராவடிக்குப் போனது, ப்ரோமுக்குப் போனது,
லாரிக்காரர் கையில், மருந்துப் பெட்டிக்குள்,
யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை.

தை மாதம் ஒரு பிரதி திரும்பி வந்தது.
நகலின் நகல், எழுத்து மங்கி,
ஏழாம் பக்கத்தில் என் கட்டைவிரல் மட்டும் கறுப்பாக.
என் பென்சில் வரிக்குக் கீழே
நீல மையில், தெரியாத கையெழுத்து:

'நாற்பதாம் எண்ணும் இருக்கிறார். என் மைத்துனர்.
ஒரே தவணை. கால் வீங்கும், மற்றபடி குறையில்லை.
போன மாதம் மகளுக்குக் காது குத்தினோம்.'