அட்டையில் இருந்த பெயர்

இரவு இரண்டு பத்து.
என்னை அழைத்துப்போக யாரும் வரவில்லை.
கம்பெனி நம்பர் அடித்தது, அடித்து ஓய்ந்தது.
வருகை வாசலில் மிச்சம் ஒரே ஓர் அட்டை:
அமிர்த கடேசன்.
நடுவில் ஒரு விரல் இடைவெளி.
எழுதியவர் அவரை இரண்டு பேராக்கியிருந்தார்.

அட்டை பிடித்தவர்
"நீங்கதானா?" என்றார் இந்தியில்.
என் தோளில் பம்பு சீல் மாதிரிகள், பதினொரு கிலோ.
ஆமாம் என்றது தோள்தான்.

வேனுக்குள் ஏசியும் அத்தரும்.
முஹரக்கிலிருந்து பாலம் ஏறினோம்.
விளக்குகள் எங்கே நின்றனவோ
அங்கிருந்து கடல்.

பாதிப் பாலத்தில் அவர் போன் அடித்தது.
வங்காளத்தில் நாலு வார்த்தை,
பிறகு கண்ணாடியில் என்னை ஒருமுறை.
இறக்கிவிடப் போகிறார் என்று
பையின் வாரை இறுக்கிக்கொண்டேன்.
மனாமாவில் முதல் சிக்னல் சிவப்பு.
யாருமே இல்லாத சாலையில்
இருவரும் ஒழுங்காக நின்றோம்.

குதைபியா. ஹோட்டல் வாசல்.
பெட்டியை இறக்கியபடி சொன்னார்:
"அவர் சென்னையிலேயே ஏறலியாம்.
நீங்க அவர் இல்லேன்னு அப்பவே தெரியும்.
போட்டோவுல அவருக்கு வழுக்கை."

"அப்புறம் ஏன்?"

"காலி வண்டி ஓட்டினா
தூங்கிடுவேன், பாய்."

நான் வழியெல்லாம்
ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ரிசப்ஷனில் பெயர் கேட்டார்கள்.
வாய் திறக்காமல் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஷஃபீகுல்
(சட்டைப்பையில் அப்படித்தான் தைத்திருந்தது)
வேனின் பானெட்டில் அட்டையைக் கவிழ்த்து வைத்து
நாலரை மணி விமானத்துக்கு
வேறு யாரையோ எழுதிக்கொண்டிருந்தார்.
மார்க்கரை உதறினார்,
ஊதினார்,
மறுபடி உதறினார்.