குடைக்காம்பு

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
குடை தைக்கும் சவரிராயனிடம்
உடைந்த மூன்று மடக்குக் குடைகளை எடைக்கு வாங்கினேன்.
துணி வேண்டாம், கம்பி வேண்டாம், காம்பு போதும் என்றதும்
ஏற இறங்கப் பார்த்தார்.
"மருந்துக்கடைக்கு எதுக்கு சார் இது?"
அம்புக்கு என்றேன்.
"அப்ப கைப்பிடியையும் எடுத்துக்கிடுங்க,"
ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார்.

கார்பன் தண்டு வளைந்து கெடாது.
பாறையில் பட்டால் முனைக்குப் பின்னால்
ஒரு விரற்கடை தள்ளி
துடைப்பம்போல் நார்நாராய் விரியும்.
மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் பின்சரிவில்
கோணி மூட்டைதான் எங்கள் இலக்கு.
மூட்டைக்குப் பின்னால் பாறை.
ஆகஸ்டில் மட்டும் ஐந்து தண்டு போயிற்று,
ஒன்று நானூற்று எண்பது ரூபாய்.

வெர்னியரில் அளந்தேன்.
தண்டு ஏழு புள்ளி ஆறு,
காம்பின் உள்வாய் ஏழு புள்ளி ஏழு.
எவனோ மழைக்கென்று இழுத்த குழாய்
என் அம்பின் அளவைத் தெரிந்துகொண்டு
இத்தனை வருடம் நனைந்திருக்கிறது.

இரண்டு அங்குலமாக அறுத்து
உள்விளிம்புப் பிசிறை அரத்தால் எடுத்து
தண்டை உப்புத்தாளால் ஈரத்தோடு தேய்த்தேன்,
கரித்தூள் பறக்கக் கூடாது.
(முகக்கவசம் ஐந்து ரூபாய். எனக்கு நானே பில் போட்டேன்.)
ஸ்பிரிட்டில் துடைத்து
இருமல் மருந்து அட்டையில் பசையின் இரு பாதிகளையும் குழைத்து
உறையைத் திருகித் திருகி ஏற்றினேன்.

ஒன்பது டிகிரியில் பசை இறுகாது,
விடிந்தாலும் ஜவ்வுதான்.
இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியின் முதுகு மட்டும்
இந்த ஊரில் எப்போதும் இளஞ்சூடு.
எட்டையும் அங்கே சாய்த்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

காலையில் ஒவ்வொன்றாகக் காதருகே வளைத்தேன்.
ஏழு பேசவில்லை.
எட்டாவதில், தூரத்தில் யாரோ அப்பளம் ஒடிப்பதுபோல்
ஒரு முணுக்.
அதை இரண்டாக முறித்து டேப் சுற்றிக் குப்பையில் போட்டேன்.
சதைக்குள் போன கரிச்சிராய் எக்ஸ்ரேயில் தெரியாது என்று
குன்னூர் டாக்டர் ஒருமுறை கையை விரித்தார்.
மேசைமேல் விரிந்து கிடந்தது
சாந்தா போஜனின் கை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள்,
இலை லாரியைச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து.
என் முதல் அம்பு மூட்டைக்கு வலப்பக்கம் ஒரு சாண்.
இரண்டாவது அதே சாண்.
மூன்றாவது பாறையில், டங்.
ஓடிப்போய் எடுத்தேன்.
முனை முழுசு, தண்டு முழுசு,
அலுமினியத்தில் ஒரு நகக்கீறல்.
"பாத்தியா, பாறையில பட்டும் உடையல."
"மூட்டையில படவும் இல்ல," என்றாள்.

முனையில் கூடியது இரண்டு கிராம்கூட இல்லை.
ஆனால் நாண் தள்ளும் கணத்தில்
முன்பாரம் ஒரு நொடிப்பின்னம் தயங்க
நடு உடம்பு கூடுதலாய் நெளிகிறது.
தண்டில் ஒரு நாரும் மாறவில்லை.
தலையைத் தேற்றினேன், இடுப்பு தளர்ந்துவிட்டது.
வால்பக்கம் அரை அங்குலம் அறுத்தால் விறைக்கும்.
வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால்
வயிற்றுக்கு இன்னொன்று கொடுக்கிறோமே, அப்படி.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கையில்
சாந்தா என் வில்லை வாங்கி
மூட்டைக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி
ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து விட்டாள்.
நடுக்கோணியில் குத்தி நின்றது அம்பு.
இன்னொன்று.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

மழை பிடித்துக்கொண்டது.
இருவரிடமும் குடை இல்லை.
அம்புகளை அள்ளிக்கொண்டு லாரிக்கு ஓடினோம்.

அன்றிரவு நான்கை அறுத்தேன்.
மூன்று அவள் லாரியில்,
இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில்,
அறுக்காமல்.
என் மேசை இழுப்பறையில் மூன்று கைப்பிடிகள்,
பில்லில் வராத சரக்கு.